நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று

ஜூன் 3, செவ்வாய்

விசிலின் வண்டி மறுபடி எங்கள் பட்டறைக்கு வந்து நிற்கிறது. முன்பற்களுக்கு நடுவே சந்து இருப்பதால் அவர் வாயைத் திறந்தாலே பாதிப் பேச்சு விசிலாகத்தான் வரும். ஊரே அப்படிக் கூப்பிடுகிறது, அவரும் கோபித்துக்கொள்வதில்லை. மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் காலையில் டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போய் மாலையில் இறக்கிக்கொண்டு வருகிறார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. வேறு எதுவும் அந்த மேட்டில் ஏறாது.

உச்சியை எட்டும்போது பின்பக்கமிருந்து கருகல் நாற்றம் வருகிறதாம்.

“எல்லா டீச்சரும் மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றாங்க தங்கச்சி. ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. போற போக்கைப் பார்த்தா எனக்குப் பரீட்சையே வச்சிடுவாங்க போல.”

அடியில் படுத்துப் பார்த்தேன். பின் அச்சின் நடுவில் பானை மாதிரித் தொங்குகிற டிஃபரென்ஷியல். என்ஜினின் இழுவையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கி வந்து அவர் டீ குடித்து முடித்த பிறகும் அதில் கை வைக்க முடியவில்லை. ஆயிலை இறக்கினேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கன்னங்கரேல் என்று, அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடையோடு.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “கண்ட ஆயிலை வாங்கி ஊத்தியிருப்பான்” என்றார். அந்த ஆயிலை ஊற்றியது நாம்தான் என்றேன்.

“அப்ப நல்ல ஆயில்தான்” என்றார். “மாத்திடு.”

சிரித்துவிட்டேன். விசிலும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

ஜூன் 5

புது ஆயில். அதே நாற்றம்.

ஜூன் 6, வெள்ளி

அச்சு சூடாகும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற மேலே ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. அது சேறு அடைத்துக் கிடந்தது. கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தேன், ஆயில் கசிந்த ரப்பர் சீல் வளையத்தையும் மாற்றினேன். மாலையில் விசில் வந்து உதட்டைப் பிதுக்கினார். மூச்சு விட வழி கிடைத்ததே தவிர, மூச்சு வாங்குவதற்குக் காரணம் அது இல்லை.

ஜூன் 9, திங்கள்

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதோ என்று நான்கு சக்கரத்தின் டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சாதுவாக இருக்கின்றன. சூடு ஓரத்திலிருந்து வரவில்லை, நடுவிலேயே பிறக்கிறது. திறந்துதான் ஆகவேண்டும்.

தம்பி ஃபோன் பண்ணினான். கடல் தாண்டிப் போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் பண்ணுவான், இந்த வாரம் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. அப்பா அவனிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். அவன் மூன்று தடவையும் சலிக்காமல் பதில் சொன்னான். நல்ல பிள்ளை. தூரத்தில் இருந்தால் நல்ல பிள்ளையாக இருப்பது கொஞ்சம் சுலபம்தான்.

ஜூன் 10

திறந்தோம். கிரவுன் சக்கரம் — பானைக்குள் படுத்திருக்கிற பெரிய பல்சக்கரம் — நீலம் பாய்ந்து போயிருக்கிறது. அவ்வளவு சூடு பட்டிருக்கிறது. பேரிங்கில் குறையில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. பற்களின் முதுகுப் பக்கம் தேய்ந்திருக்கிறது. வண்டி முன்னால் போகும்போது பல்லின் நெஞ்சுப் பக்கம்தான் சுமை தாங்கும். முதுகு சுமப்பது ரிவர்ஸில், இல்லாவிட்டால் இறக்கத்தில் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்போது. ஆனால் நாற்றம் வருவது ஏறும்போது.

விசிலிடம் ரொம்ப தூரம் ரிவர்ஸ் எடுப்பீர்களா என்று கேட்டேன். “பின்னாலயே மலை ஏறினா டீச்சருங்க கூட வருவாங்களாம்மா?” என்றார்.

அப்பா மறுபடி பூட்ட உட்கார்ந்தார். பற்களுக்கு நடுவே இடைவெளி சரியாக வருவதற்கு மெல்லிய தகடுகளை அடுக்கவேண்டும். அவர் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ரொம்ப நேரம். நான் ஸ்பானர் தேடுகிற மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். பிறகு, இங்கே வெளிச்சமே இல்லை, இதில் எவன் வேலை செய்வான் என்று கத்தினார். நண்பகல். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது.

நான்தான் பூட்டினேன்.

ஜூன் 12, வியாழன்

வண்டி சொல்வதை வண்டியிலேயே உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு என்று விசிலோடு மலை ஏறினேன். டீச்சர்கள் இடித்துப் பிடித்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்திக்கொண்டே வந்தார், அந்தக் குலுக்கலில் யாருக்கு எவ்வளவு மார்க் விழுந்ததோ.

அடிவாரம் வரை ஒன்றுமில்லை. இறங்கித் தொட்டேன், இளஞ்சூடு. அங்கே விசில் இரண்டாவது லீவரை இழுத்து முன்சக்கரங்களையும் சேர்த்துக்கொண்டார். அதிலிருந்துதான். ஒவ்வொரு வளைவிலும் வண்டி, யாரோ வாலைப் பிடித்து இழுத்த மாதிரி வெட்டியது. மேலே போய் நின்றதும் லீவர் வெளியே வரமாட்டேன் என்றது. விசில் கொஞ்சம் பின்னால் எடுத்தார், ‘டங்’ என்று விடுபட்டது.

“தினமும் இப்படித்தானா?”

“பழகிடுச்சு.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். சிமெண்ட் ரோடு போட்டதிலிருந்தாம். முன்னால் சேறும் சரளையுமாக இருந்தபோது இந்த நாற்றம் இல்லையாம். முன் டயர் மட்டும் சீக்கிரம் மொட்டையாகும், அவ்வளவுதான்.

குனிந்து முன் அச்சின் பானையைத் தொட்டேன். அதுவும் சுட்டது. நாற்றம் பின்னால் வருகிறதென்று எல்லோரும் பின்னாலேயே தேடினோம், என்னையும் சேர்த்து. முன்னதை ஒருவரும் தொடவில்லை.

முன் அச்சும் பின் அச்சும் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்கின்றன. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வம்பைத் தீர்த்துக்கொண்டது. சிமெண்டில் வழுக்க இடமில்லை. முன்சக்கரம் முழு வண்டியையும் இழுக்க, பின்சக்கரம் பிடித்து நிறுத்துகிறது. அதனால்தான் முதுகுப் பக்கம் தேய்ந்திருக்கிறது. ஏன் எதிர்க்கின்றன?

எனக்கு ஒரு சந்தேகம். எழுதமாட்டேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 13

அப்பா மதியம் சாப்பிடப் போன நேரத்தில் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரிலும் நடுவே ஓடுகிற ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். விசில் ஒரு சக்கரமும் நான் ஒரு சக்கரமும் சேர்ந்தாற்போலச் சுற்றினோம். சக்கரம் பத்துச் சுற்று. ஷாஃப்ட் நாற்பத்துமூன்று. முன்பக்கத்தைத் தூக்கினோம். பத்துச் சுற்றுக்கு நாற்பத்தொன்று.

திரும்ப எண்ணினேன். நான் எண்ணியதுதான் தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே எண்ணினேன். நாற்பத்துமூன்று. நாற்பத்தொன்று.

பின்னால் இருக்கிற கிரவுன்–பினியன், அதாவது பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றுகிற சின்னதும், இந்த வண்டிக்கு உரியதே இல்லை. பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும், அதே இடத்தில் உட்காரும். பல் கணக்கு வேறு.

போன வருஷம் விசில் வண்டியை விட்டுவிட்டுப் போனபோது மாற்றியது. நம் பட்டறையில். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். அலமாரியின் பின்தட்டில் கையை விட்டேன். எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல், சரியான ஜோடி அங்கேயே இருக்கிறது. மேலே எண் கொட்டை எழுத்தில் வெட்டியிருக்கிறது. குருடன்கூடத் தடவிப் படிக்கலாம்.

அப்பா அதைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு மற்றதை எடுத்திருக்கிறார்.

கண்டுபிடித்ததற்கு சந்தோஷமே வரவில்லை.

ஜூன் 14, சனி

பின்பக்கத்தைக் கழற்றி, இரண்டு ஜோடியையும் துணி விரித்து வைத்தேன். விசில் கூட நின்றார். அப்பா குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார், மற்றதை எடுத்தார்.

“இதை யார் போட்டது?”

கேலி இல்லை. நடிப்பும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார்.

“பாப்பா. நீயா?”

அந்தப் பார்வையை எப்படி எழுதுவது? கோபம் இல்லை. பயம். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை.

“ஆமாப்பா. நான்தான். அவசரத்துல பார்க்காம போட்டுட்டேன்.”

அவருடைய தோள் இரண்டும் இறங்கின. அப்புறம் மாலை வரைக்கும் திட்டினார். பொட்டப்புள்ளைக்குக் கவனம் வேண்டாமா, பத்துப் பேர் உயிர் இதுல போகுது. திட்டத் திட்ட முகம் தெளிந்துகொண்டே வந்தது. எத்தனையோ மாதமாக அவரை இவ்வளவு தெளிவாக நான் பார்க்கவில்லை.

விசில் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜூன் 17

மாற்றியாகிவிட்டது. மலைமேல் இருந்து விசில் ஃபோன் பண்ணினார். லீவர் வெண்ணெய் மாதிரி வருகிறதாம். பின் அச்சின் பானையில் கை வைத்துக்கொண்டே பேசுகிறாராம். “மாஸ்டர்கிட்ட சொல்லிடும்மா” என்றார். மாஸ்டரிடம். அப்பாவிடம்.

ஜூன் 19, வியாழன்

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கேட்டுவிட்டேன், உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று. எதைப் பற்றி என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அதிலேயே பதில் இருந்தது.

போன வருஷமே அப்பா வீட்டுக்கு வழி தெரியாமல் காய்கறிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். கடைக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாராம். அதிலிருந்து அம்மா தினமும் காலையில் கடைக்குப் போகிற சாக்கில் அவரோடு தெருமுனை வரை நடக்கிறாள். பட்டறையின் போர்டு கண்ணில் படும் வரை. நான் அதை இந்த வயதில் என்ன அன்னியோன்னியம் என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீ அவரைப் பட்டறைக்கு விடமாட்டே. பட்டறை இல்லேன்னா அவர் என்ன பண்ணுவார்? என் மூஞ்சியையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாரா?”

நான் கத்தியிருக்கவேண்டும். கத்தவில்லை. ஐந்து நாள் முன்னால் நான் சொன்னதும் அவள் ஒரு வருஷமாகச் சொல்லாமல் இருந்ததும் ஒன்றேதான். ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜூன் 20

இனிமேல் நான் இல்லாமல் அப்பா பிரேக், ஸ்டியரிங் பக்கம் போகக்கூடாது. அவர் தொட்டதை எல்லாம் நான் திரும்பத் தொடுவேன். முடியும். முடியணும்.

ஜூன் 25

கிரீஸ் இலவசம் என்று சொல்லிப் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு வருஷத்தில் அப்பா கை பட்ட வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேறு வழி தெரியவில்லை. பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. எல்லாமே தப்பாக இருந்தால் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஒரு வாத்தியாரின் காரில் மட்டும் ஸ்டியரிங் மூட்டில் நட்டு கழலாமல் இருக்கப் போடுகிற கம்பிப் பின் இல்லை. நட்டு பாதி கழன்றிருந்தது. போட்டு விட்டேன். வாத்தியார் செல்ஃபோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

இது நான் நினைத்துப் பார்க்காதது.

இன்று வந்த இரண்டு பேரும் மாஸ்டர் கையாலேயே பண்ணட்டும் என்றார்கள். ஒருவர் சாவியை நான் நீட்டிய கையில் கொடுக்காமல் சுற்றிப் போய் அப்பாவிடம் கொடுத்தார். விசில் வாய், மலை ஏறும்போது டீச்சர்களிடம் சொல்லியிருப்பார், டீச்சர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். பொண்ணு தப்பான பல்சக்கரத்தைப் போட்டு வண்டியைக் கருக வைத்துவிட்டாள், அப்பன்தான் கண்டுபிடித்தான்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஜூலை 2

விசிலிடம் உண்மையைச் சொல்லலாம் என்று போனேன். தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். சொன்னால் அப்பாவின் காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூலை 4

தம்பியிடம் சொன்னேன். “வயசாகுதுக்கா, கொஞ்சம் மறதி இருக்காதா” என்றான். பதினாறாம் தேதி நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன் என்றேன். அவ்வளவு சீரியஸாவா என்றான். பிறகு இருவரும் அங்கே மழையா இங்கே வெயிலா என்று பேசினோம்.

ஜூலை 11

பிரேக் டிரம்மைக் கடைசல் பிடிக்கக் கொடுத்திருந்தேன், அதை வாங்கப் போனேன். அவ்வளவுதான். அதை வாங்கத்தான் போனேன். அம்மாவைப் பட்டறையில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். அம்மா டீ போட உள்ளே போயிருக்கிறாள்.

திரும்பி வந்தா அப்பா கை கழுவிட்டு நிக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. ரொட்டிக்காரனுக்குப் பின்பிரேக் போட்டுக் குடுத்துட்டேன்ங்கிறார். காலையில வீடு வீடா ரொட்டி போடுற வேன்.

பிரேக் பைப்பை இறுக்கினீங்களாப்பான்னு கேட்டேன்.

“எந்தப் பைப்பு?”

ஃபோன் அடிச்சேன். எடுக்கல. திரும்பத் திரும்ப அடிச்சேன். ஸ்கூட்டரை எடுத்துட்டு அவர் போற வழியிலயே போனேன். சந்தைக்கு இறங்குற சரிவு. கீழே கூட்டம். வேன் சுவத்துல மூக்கு நசுங்கி நிக்குது. ரோடு பூரா ரொட்டி. அவர் கால் உள்ள மாட்டிக்கிட்டு — கத்தக்கூட இல்ல அவர். என்னைப் பார்த்து, பிரேக் உள்ள போயிடுச்சும்மா, பிரேக் உள்ள போயிடுச்சும்மான்னு அதையே சொல்லிட்டிருந்தார். எனக்கு விளக்கம் சொல்ற மாதிரி. எனக்குத் தெரியாதுங்கிற மாதிரி.

ஜூலை 12

வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக் பைப்பின் நட்டு விரலால் திருகி விட்டிருக்கிறது. ஸ்பானர் படவே இல்லை. மற்ற வேலை எல்லாம் அவ்வளவு நேர்த்தி. துடைத்து, கிரீஸ் தடவி, பளபளவென்று.

ஜூலை 13, ஞாயிறு

ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எலும்பு பல துண்டாம். இரும்பு வைத்திருக்கிறார்கள். நடப்பார், ஆனால் பழையபடி இல்லை என்று அவருடைய மனைவி சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிரவுன் சக்கரம், பொய், டாக்டரிடம் வாங்கிய நேரம், எல்லாம். ரொட்டிக்காரர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

நான் தலையை ஆட்டினேன்.

“தெரிஞ்சும் எங்க வண்டியில கை வைக்க விட்டீங்க.”

விடவில்லை, நான் அப்போது அங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வாசலில் விசில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. கூடவே கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு விசிலும் வரவில்லை.

“அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா நான் யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேனே, தங்கச்சி. ஊர் பூரா நான்தானே சொன்னேன், மாஸ்டர்கிட்டயே வண்டியைக் குடுங்கன்னு. ரொட்டிக்காரர்கிட்டயும் நான்தான் சொன்னேன்.”

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

டாக்டர் அப்பாவிடம் இன்று என்ன தேதி என்றார். “உங்க தலைக்குப் பின்னாடியே காலண்டர் மாட்டி வச்சுட்டு என்னைக் கேக்கறீங்களே” என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டார். அந்தக் காலண்டரில் போன மாதம் கிழிக்கப்படவில்லை. அப்பா அதைப் பார்த்து ஜூன் என்றார். கூட வந்திருப்பது யார் என்றதற்குப் பொண்ணு என்றார். பேரைக் கேட்டபோது, செத்துப்போன அத்தையின் பேரைச் சொன்னார்.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை விளக்கின் முன்னால் பிடித்து, எங்கெங்கே சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் விரலால் காட்டினார். பொறுமையானவர். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, தேய்ந்த பாகத்தை மாற்ற முடிகிற மாதிரி இது இல்லை என்றார். மெதுவாக்க மாத்திரை இருக்கிறது. மெதுவாக்க மட்டும்.

எவ்வளவு நாளாக இருக்கும் என்று கேட்டேன். இரண்டு மூன்று வருஷமாகவே ஆரம்பித்திருக்கும், கூடவே இருப்பவர்களுக்குத்தான் கடைசியில் தெரியும் என்றார்.

வரும் வழியில் அப்பா, “நல்ல டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டார் பார்த்தியா?” என்றார்.

பார்த்தேன் என்றேன்.

ஜூலை 30

பட்டறையை மூடிவிட்டோம். ஊரில் இனி யாரும் வண்டி கொண்டுவரப் போவதில்லை. வந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போர்டை விசில்தான் ஏணி போட்டுக் கழற்றிக் கொடுத்தார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், வழியில் பார்த்தவர்களிடமெல்லாம். காலம் கடந்து சொல்கிற உண்மை எப்படிக் கேட்கும் என்று இப்போது தெரிகிறது. நோயாளி அப்பன் மேல் பழியைப் போட்டுத் தான் தப்பிக்கிறாள் என்று கேட்கிறது.

ஆகஸ்ட் 6

அப்பா காலையில் கிளம்பிப் போய் மூடின ஷட்டர் முன்னால் நிற்கிறார். அம்மாவால் தடுக்க முடியவில்லை, பக்கத்தில் போய் அவளும் நிற்கிறாள். ஏன் மாஸ்டர் மூடிட்டீங்க என்று போகிற வருகிறவர்கள் கேட்டால் சொல்கிறாராம்:

“பொண்ணு ஒரு வண்டிக்குத் தப்பான கிரவுனைப் போட்டுடுச்சு. பேர் கெட்டுப்போச்சு. அதான்.”

சாப்பிட்டது மறந்துவிடுகிறது. அத்தை செத்தது மறந்துவிட்டது. ரொட்டிக்காரர் கால் அவருக்குள் பதியவே இல்லை. நான் சொன்ன அந்த ஒரு பொய் மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பெரிய சர்வீஸ் நிலையத்தில் சேர்ந்துவிட்டேன். ஆயில் மாற்றுவது, டயருக்குக் காற்று. மேலாளர் முகத்துக்கு நேரே சொன்னார், கியர் வேலை இப்போதைக்கு வேண்டாம்மா, உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்று. மரியாதையாகத்தான் சொன்னார். நீலச் சீருடை கொடுத்திருக்கிறார்கள், தோள் கொஞ்சம் பெரிது.

செப்டம்பர் 9

ரொட்டிக்காரர் ஊன்றுகோலோடு கடைத்தெருவில் போனார். நான் எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டேன். அவரும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 28

தம்பி வந்தான். பத்து நாள் இருந்தான். முதல் நாள் அப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். நான்காம் நாள், இந்தப் பையன் எத்தனை நாள் தங்குவான் என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார். தம்பிக்குக் கேட்டுவிட்டது. குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டான். வெளியே வந்தவனிடம் நான் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டவேண்டும் என்று இவ்வளவு மாதமாக வைத்திருந்தேன், வந்தபோது அதில் ருசியே இல்லை.

அக்டோபர் 21

மழை. அப்பா வெளியே போகாதபடி கதவின் மேல்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டு வந்து, கோணலாகப் போகிறது பார் என்று திருத்தினார். சரியாகத்தான் திருத்தினார். தன்னைப் பூட்டி வைக்கிற தாழ்ப்பாளை.

நவம்பர் 20, வியாழன்

வேலை முடிந்து வந்து அப்பாவுக்கு நகம் வெட்டினேன். கூடத்து விளக்கடியில் உட்கார வைத்து, மடியில் துண்டை விரித்து. நான் பிறந்ததிலிருந்து அந்த நகங்களுக்குள் கறுப்பு மை தீட்டின மாதிரி கிரீஸ் இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. இப்போது வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. யாரோ உத்தியோகஸ்தரின் கை மாதிரி. விரல்களை நீட்டியபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். அம்மா வாசல்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கை முடிந்ததும் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினார்.

“போதும், நீங்க சிரமப்படாதீங்க. வேலை முடிஞ்சு என் பொண்ணு வந்துடுவா. அவ வெட்டி விடுவா.”

நீங்க.

அம்மா உள்ளே போய்விட்டாள்.

“அவங்க வர்ற வரைக்கும் நான் வெட்டறேங்க” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சரி என்று அடுத்த கையை நீட்டினார்.